நிகோபாரில் நீளும் ‘இடைக்காலம்’

புது தில்லி: தில்லி அரசியலில் அன்றாடம் அடிபடும் ஆங்கிலச் சொற்களுள் ஒன்று ‘இன்டெரிம்’. இடைக்கால பட்ஜெட், இடைக்கால உத்தரவு, இடைக்கால நிவாரணம் எனத் தமிழில் அது பல உருவம் எடுக்கும். லத்தீன் மொழியில் அதற்கு ‘இதற்கிடையே’ என்று பொருள். தற்காலிகம் என்றால் இப்போதைக்கு என்பதோடு முடிந்தது. இடைக்காலம் என்றாலோ, பின்னால் வேறொன்று வரும் என்ற வாக்குறுதியும் அதில் அடக்கம். இடைக்கால பட்ஜெட்டைத் தொடர்ந்து தேர்தலும் முழு பட்ஜெட்டும் வந்துவிடுகின்றன.

15 ஆண்டுகளுக்கு மட்டும் என்று அரசமைப்புச் சட்டம் 1950-ல் அனுமதித்த ஆங்கிலம் இன்றும் ஆட்சிமொழியாகத் தொடர்கிறது. அது தமிழகம் போராடிப் பெற்ற நீட்டிப்பு. கிரேட் நிகோபார் தீவின் பழங்குடியினருக்கு வாய்த்திருப்பது அவர்கள் கேட்காத நீட்டிப்பு.

2004 டிசம்பர் 26-ல் ஆழிப்பேரலை தாக்கியபோது அத்தீவின் தென்முனையான இந்திரா முனை சுமார் 4 மீட்டர் தாழ்ந்தது. புலோ பாபி, சிங்கென் உள்ளிட்ட கரையோரக் கிராமங்களில் உயிர்தப்பிய நிகோபாரிகள், நிர்வாகத் தலைமையிடமான கேம்ப்பெல் பே பகுதிக்கு அழைத்து வரப்பட்டனர். யூனியன் பிரதேசம் முழுவதும் ஏறத்தாழ 10,000 ‘இடைக்காலத் தங்குமிடங்கள்’ எழுந்தன. பெயர்தான் அப்படி, கட்டியவை தகரக் கொட்டகைகள். கால்கள் ஊன்றி உயர்த்திய, காற்றோட்டமான குடில்களில் வாழ்ந்து பழகியவர்களுக்கு நிலநடுக்கோட்டு வெயிலில் அது என்ன வாழ்க்கையாக இருந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பின்னர் ராஜீவ் நகர், நியூ சிங்கென் ஆகிய இடங்களில் நிரந்தர வீடுகள் வழங்கப்பட்டன. அரசைப் பொருத்தவரை இடைக்காலம் அத்துடன் முடிந்தது. நிகோபாரிகளோ ஊர் திரும்பும் வரை அந்த வீடுகளும் இடைக்கால ஏற்பாடுதான் என்று கருதுகின்றனர். தென்னந்தோப்புகளும் முன்னோர் நிலமும் அங்கேதான் உள்ளன.

இந்தக் கருத்து வேறுபாடு 2022-ல் வெளிப்படையாயிற்று. கலாத்தியா விரிகுடாவில் துறைமுகம், விமான நிலையம், நகரம் அமைக்கும் திட்டத்துக்காக, சுமார் 84 சதுர கிலோமீட்டர் பழங்குடியினர் காப்பு நிலத்தை விடுவிக்க அவர்களது பழங்குடியினர் மன்றம் ஆகஸ்டில் ஆட்சேபணையின்மைச் சான்று அளித்தது. நவம்பரில் அதைத் திரும்பப் பெற்றது. ஆழிப்பேரலைக்கு முன் தாங்கள் வாழ்ந்த கிராமங்களின் பகுதிகளும் அந்நிலத்தில் அடங்கும் என்பது பின்னரே தெரியவந்ததாக மன்றம் தெரிவித்தது. அதே நவம்பரில்தான் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் திட்டத்துக்கு அனுமதி வழங்கியது என்பது குறிப்பிடத்தக்கது.