பட்டறை விளக்கும் சுழலும் ரம்பமும்

வீட்டின் பின்புறத்தில் சிறு தச்சுப் பட்டறை வைத்திருப்போர் நம்மிடையே உண்டு. அங்கே எரிவது பெரும்பாலும் மலாய் மொழியில் கலிமந்தாங் எனப்படும் நான்கடிக் குழல் விளக்கே. அதனை மாற்றினால் மின்கட்டணம் குறையும் என்பர். உண்மைதான், 36 வாட் குழலின் வேலையை 18 வாட் எல்.இ.டி. குழல் செய்துவிடும். ஆயினும் நாம் முதலில் கருதவேண்டியது கைவிரல்களையே.

நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி கொண்டது. ஆதலால், சோக்குடன் எரியும் பழைய குழலின் ஒளி நொடிக்கு 100 முறை ஏறி இறங்குகிறது. கண் இதனை உணர்வதில்லை. நிமிடத்திற்கு 3000 சுற்றுச் சுழலும் வட்ட ரம்பமோ, இரு ஒளித்துடிப்புகளுக்கிடையே சரியாக அரைச்சுற்றுச் சுற்றிவிடும். ஒரு பல் இருந்த இடத்தில் மற்றொரு பல் வந்திருக்கும். விளைவு? ஓடும் ரம்பம் நின்றுவிட்டதுபோல் தோன்றும்! வேறு இயந்திர ஓசையும் மிகுந்திருக்கையில், அதனை நம்பிக் கை நீட்டினால் என்னாவது?

எல்.இ.டி. யாவும் நல்லவை அல்ல. மலிவானவற்றுள் சில இவ்வாறே துடிக்கும். கைப்பேசிக் கேமராவில் கருங்கோடுகள் ஓடினால் வாங்காதிருத்தல் நலம்.

சில குழல்களுக்குப் பழைய ஸ்டார்ட்டரை எடுத்துவிட்டு, உடன்வரும் மாற்றைப் பொருத்தினால் போதும். வேறு சிலவற்றுக்குச் சோக்கையே நீக்கிக் கம்பியை மாற்றவேண்டும்; அது உரிமம் பெற்ற மின்பணியாளரின் வேலை. மாணவர்கள் இரண்டிலும் கைவைக்கலாகாது.

கழற்றிய குழலினுள் சிறிதளவு பாதரசம் உண்டு. இதன்பொருட்டே மினமாத்தா உடன்படிக்கை நாடுகள் 2023இல் கூடி, இத்தகைய குழல்களின் உற்பத்தியை 2027ஆம் ஆண்டோடு நிறுத்த முடிவு செய்தன. பழைய குழலை உடைக்காமல், புதியது வந்த அட்டை உறையிலேயே இட்டு, சிறுவர் கைக்கு எட்டாமல் வைப்போம்.