‘அபுர்ரீதா?’ என்று கேட்டால் கோபம் ஏன்?

என் பேத்தி இங்கே டில்லியில் ஒன்பதாம் வகுப்பில் ஸ்பானிஷ் எடுத்திருக்கிறாள். எங்கள் மேல்மாடியில் ஸ்பெயினிலிருந்து வந்த ஒரு குடும்பம் குடியிருக்கிறது. அவர்கள் வீட்டுப் பெண்ணும் இவளும் சிநேகிதிகள். போன மாதம் ஒரு நாள் மின்சாரம் போய்விட, இருவரும் எங்கள் கூடத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். வந்தவளுக்குப் பொழுது போகவில்லையோ என்று இவள் உபசாரமாக, “எரெஸ் அபுர்ரீதா?” என்று கேட்டாள். அந்தப் பெண் முகம் சிவந்து எழுந்து போய்விட்டது. நான்கு நாளாகக் கீழே இறங்கவேயில்லை.

“போரடிக்கிறதான்னுதானே தாத்தா கேட்டேன்?” என்றாள் பேத்தி, அழாத குறையாக. அவளுடைய பாடப் புத்தகத்தையும் அகராதியையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பிள்ளைகள் இந்த மொழி படிக்கும் மற்ற வீடுகளுக்கும் பயன்படட்டுமே என்று எழுதுகிறேன்.

‘அபுர்ரீர்’ என்றால் சலிப்பூட்டுவது. அந்த வினையின் இறந்தகால எச்சம் ‘அபுர்ரீதோ’. பெயருக்கு அடைமொழியாக வரும்போது, ஆண்பாலுக்கு ஓகாரத்திலும் பெண்பாலுக்கு ஆகாரத்திலும் முடியும். பன்மைக்கு ‘ஸ்’ சேரும். சினிமாப் படம் அந்த மொழியில் பெண்பால். ஆகவே அறுவைப் படமும் ‘அபுர்ரீதா’தான்.

ஆனால் பேத்தி மாட்டிக்கொண்டது இதில் அல்ல. ‘இரு’ என்பதற்கு ஸ்பானிஷில் இரண்டு வினைகள் உண்டு: செர், எஸ்தார். ‘எஸ்தாஸ் அபுர்ரீதா?’ என்று எஸ்தாரைப் போட்டால், “உனக்குப் போரடிக்கிறதா?” செர்ரைப் போட்டு ‘எரெஸ் அபுர்ரீதா?’ என்றால், “நீ ஓர் அறுவையா?” எழுந்து போகாமல் என்ன செய்யும்?

செர் நிரந்தரத்துக்கு, எஸ்தார் தற்காலிகத்துக்கு என்று பலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். இந்தச் சூத்திரத்தை நான் ஒப்பவில்லை. செத்துப்போனவரைச் சொல்லும்போதும் ‘எஸ்தா முவெர்தோ’ என்று எஸ்தார்தான் வருகிறது. சாவு தற்காலிகமா?

நம் தமிழ் இங்கே கை கொடுக்கிறது. எஸ்தார் என்பது ‘நிற்றல்’ என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. ஒன்று நடந்து முடிந்து, அதனால் ஏற்பட்ட நிலையில் நிற்பதை அது சொல்லும். நாம் ‘களைத்திருக்கிறான்’, ‘செத்துக் கிடக்கிறது’ என்கிறோமே, அதேதான். ‘எஸ்தொய் கன்ஸாதோ’ என்றால் களைத்திருக்கிறேன். ‘எஸ்தா பெபீதோ’ என்றால் குடித்திருக்கிறான். (இதை மட்டும் பேத்தியிடம் சொல்லவில்லை!) செர் வந்தாலோ அது ஆளின் இயல்பைச் சொல்வதாகிவிடும்: சலித்திருப்பவள் போய், சலிப்பூட்டுகிறவள் ஆகிவிடுவாள். ஆகவே பேசுமுன் தமிழில் ‘இருக்கிறாய்’ சேர்த்துப் பார்க்கச் சொன்னேன். “சலித்துப்போயிருக்கிறாயா?” சரியாக வந்தால் எஸ்தார்.

அகராதியைப் புரட்டியதில் இன்னொன்றும் கிடைத்தது. அபுர்ரீருக்கு மூலமான லத்தீன் சொல்லுக்கு, அருவருத்து விலகுவது என்று பொருள். அதே மூலத்தில் பிறந்த ‘அபொர்ரெஸேர்’ என்ற ஸ்பானிஷ் வினை, வெறுப்பதை மட்டுமல்ல, பறவை தன் முட்டைகளையோ குஞ்சுகளையோ கைவிட்டுப் போவதையும் குறிக்கிறது. போரடிக்கிறது என்று நாம் சாதாரணமாகச் சொல்வதன் அடியில் இவ்வளவு கசப்பு!

ஞாயிற்றுக்கிழமை பேத்தி ஒரு தட்டில் முறுக்கோடு மாடியேறினாள். “எரெஸ் இல்லை, எஸ்தாஸ்” என்று வாசலிலேயே சொன்னாளாம். அந்தப் பெண் ஒரு நிமிஷம் விழித்துவிட்டுச் சிரித்ததாம். இருவரும் சேர்ந்தே கீழே வந்தார்கள். விடுவேனா? எஸ்தாரின் லத்தீன் மூலத்தை அந்தக் குழந்தைக்கும் விளக்க ஆரம்பித்தேன். இரண்டு பேரும் ஒரே குரலில், “எஸ்தாமோஸ் அபுர்ரீதாஸ்!” என்றார்கள். பெண்பால், பன்மை, வினை எல்லாம் சரியாகவே இருந்தன. நல்லவேளை, என்னைப் பார்த்துச் செர் போட்டு எதுவும் சொல்லவில்லை.