ஆற்றங்கரைக் குறிப்புகள் – 9: பெயரை விடுங்கள், காரணத்தைச் சொல்லுங்கள்

ஆற்றில் மூழ்கி யாராவது இறந்தால் மறுநாள் செய்தித்தாளில் வரும் வாக்கியம் தாமிரபரணிக் கரையில் இருப்பவர்களுக்கு மனப்பாடம். “நண்பர்களுடன் குளித்துக்கொண்டிருந்தபோது எதிர்பாராதவிதமாக ஆழமான பகுதிக்குச் சென்று நீரில் மூழ்கி உயிரிழந்தார்.” அதற்கு முன்னால் இறந்தவரின் பெயர், வயது, தகப்பனார் பெயர், தெரு, படிக்கிற கல்லூரி எல்லாம் இருக்கும். அந்தச் செய்தி அச்சாவதற்குள், கரையில் கிடத்தியிருக்கும் ஈர உடலின் படமும், தலையில் அடித்துக்கொண்டு அழும் தாயின் வீடியோவும் நூறு வாட்ஸ்அப் குழுக்களைச் சுற்றி வந்திருக்கும். இவ்வளவு சொன்ன பிறகும் ஒன்று மட்டும் சொல்லப்படுவதில்லை: அவர் ஏன் இறந்தார்? கடைசிப் படியிலிருந்து எத்தனை அடியில் பள்ளம் இருக்கிறது, அது இயற்கையான கசமா அல்லது மணல் அள்ளிய குழியா, அன்று பாபநாசம் அணையில் தண்ணீர் திறந்திருந்தார்களா, முதலில் தத்தளித்தவர் யார், காப்பாற்றப் போய்ச் சிக்கியவர் யார்? அடுத்து அங்கே குளிக்கப் போகிறவருக்குத் தேவையானவை இவைதான். மறைக்க வேண்டியதை ஊருக்கெல்லாம் காட்டிவிட்டு, சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுகிறோம் என்பதே இந்த வாரம் நான் முன்வைக்கும் வாதம்.

‘எதிர்பாராதவிதமாக’ என்ற சொல்லைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். நெல்லை வண்ணார்பேட்டைப் படித்துறைகளிலும் எதிர்க்கரைக் குறுக்குத்துறையிலும் ஆண்டாண்டாகக் குளிப்பவர்களுக்கு அங்கே நடப்பவற்றில் எதிர்பாராதது அதிகமில்லை. பாசி படிந்த கல் வழுக்கும். கசத்தின் மேல் தண்ணீர் அசையாமல் நிற்கும். அதைப் பார்த்து ஆழம் குறைவு என்று வெளியூர்ப் பிள்ளைகள் நினைத்துவிடுவார்கள். மணல் அள்ளிய குழி இன்னும் மோசமானது. அதன் விளிம்பு காலடியில் சரியும். பின்வாங்க நினைத்து ஊன்றும் கால் மேலும் உள்ளேதான் போகும். தோழர் நல்லகண்ணு தொடர்ந்த வழக்கில் தாமிரபரணியில் மணல் அள்ள 2010 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஐந்தாண்டுத் தடை விதித்தது. ஆற்றின் அடியில் நடந்த சேதம் எவ்வளவு என்பதற்கு அந்தத் தீர்ப்பே சாட்சி. ஒரே துறையில் ஒரே நாளில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து இறக்கும்போது பெரும்பாலும் நடப்பது வேறு. முதல் ஆள் தத்தளிக்கிறான். நீச்சல் சரியாகத் தெரியாத நண்பன் பாசத்தில் குதிக்கிறான். மூழ்குகிறவன் அவன் கழுத்தைக் கட்டிக்கொள்கிறான். கரையில் நின்றபடியே ஒரு வேட்டியையோ கயிற்றையோ வீசியிருந்தால் இரண்டாவது உயிராவது மிஞ்சியிருக்கும். “நண்பர்கள் இருவர் பலி” என்று தலைப்புப் போடும் செய்தி இதைச் சொல்வதில்லை.

போலீஸ் விசாரணை இருக்கிறதே என்று கேட்கலாம். இயற்கைக்கு மாறான மரணம் என்றால் விசாரணை உண்டு. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-ஆவது பிரிவு, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194-ஆவது பிரிவு. ஆனால் அந்த விசாரணை தேடுவது, சாவுக்கு யாராவது காரணமா என்பதை. யாரும் தள்ளிவிடவில்லை என்று தெரிந்ததும் கோப்பு மூடப்படுகிறது. பள்ளம் எங்கே இருக்கிறது என்று அளக்க அதில் இடமில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ல் மட்டும் இந்தியாவில் 38 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அத்தனை கோப்புகளிலும் பெயர் இருக்கும். பாடம் எத்தனை கோப்பில் இருக்கும்?

கடலுக்குள் இறங்குகிறவர்கள் இந்தச் சிக்கலை நமக்கு முன்பே சந்தித்திருக்கிறார்கள். பிரிட்டனின் சப்-அக்வா கிளப், ஸ்கூபா டைவிங்கில் நேரும் விபத்துகளைத் திரட்டி ஆண்டுதோறும் அறிக்கை வெளியிடுகிறது. எத்தனை மீட்டர் ஆழம், எத்தனை நிமிடம், மேலே வந்த வேகம், காற்று எப்போது தீர்ந்தது, உடன் இறங்கியவர் எப்போது பிரிந்தார் என்று எல்லாம் அதில் இருக்கும். இறந்தவரின் பெயர் இருக்காது. அமெரிக்காவில் 1980-ல் தொடங்கிய டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்கும் அப்படித்தான் பாடம் சேர்க்கிறது. நம் தாமிரபரணி போய்ச் சேரும் மன்னார் வளைகுடாவைப் பாருங்கள். தூத்துக்குடிக் கடலில் சங்கு குளிப்பவர்கள், பஞ்சர் கடையில் டயருக்குக் காற்றடிக்கும் மாதிரிக் கம்ப்ரசரைப் படகில் வைத்து, அதிலிருந்து வரும் குழாயை வாயில் கடித்துக்கொண்டு இறங்குகிறார்கள். பத்து மீட்டர் ஆழத்தில் உடல்மீது அழுத்தம் இரண்டு மடங்காகிறது. நெடுநேரம் அடியில் இருந்துவிட்டு வேகமாக மேலே வந்தால் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழாகி மூட்டையும் தண்டுவடத்தையும் தாக்கும். கை கால் விளங்காமல் போகும். படகு என்ஜினின் புகை கம்ப்ரசருக்குள் போனால் கடலடியில் இருப்பவர் விஷத்தைச் சுவாசிக்கிறார். எவ்வளவு நேரம் இருந்தால் எப்படி ஏற வேண்டும் என்ற அட்டவணையை உடலியல் விஞ்ஞானி ஹால்டேனும் அவர் தோழர்களும் 1908-லேயே வெளியிட்டுவிட்டார்கள். ஒரு சங்குகுளியாளர் இறந்தால் நம் செய்திக்கு அவர் பெயரும் பிள்ளைகளின் எண்ணிக்கையும் கிடைக்கின்றன. ஆழமும் நேரமும் கிடைப்பதில்லை. மறுநாள் அதே மாதிரிக் கம்ப்ரசரோடு இன்னொருவர் இறங்குகிறார்.

இதெல்லாம் வெளிநாட்டுப் பழக்கம், நமக்குச் சரிவராது என்று சொல்ல முடியாது. தமிழ்நாடே இதைச் செய்து காட்டியிருக்கிறது. பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால் நம் சுகாதாரத் துறை அந்த மரணத்தைத் தணிக்கை செய்கிறது. வலி எப்போது வந்தது, ஆம்புலன்ஸ் எப்போது வந்தது, ரத்தம் கையில் இருந்ததா, எந்த மருத்துவமனையில் எவ்வளவு நேரம் வீணானது என்று வரிசையாகக் கேட்கிறார்கள். பெயரும் வேண்டாம், பழியும் வேண்டாம் என்பது அந்த ஆய்வின் அடிப்படை. உயிருடன் பிறக்கும் லட்சம் குழந்தைகளுக்கு 134 தாய்மார்கள் இறந்த நிலை 2001–03-ல் இருந்தது. 2018–20-ல் அது 54 ஆகக் குறைந்தது. இந்த இறக்கத்துக்குக் காரணங்கள் பல. ஒவ்வொரு சாவையும் உட்கார்ந்து பேசிய அந்தப் பழக்கமும் அவற்றில் ஒன்று என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பிரசவ அறையில் முடிந்தது படித்துறையில் ஏன் முடியாது?

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஊர் சிறியது, பெயரைச் சொல்லாவிட்டாலும் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்துவிடும். காரணத்தைப் பேசினால், “குடித்திருந்தானாம்”, “சொல்லச் சொல்லக் கேட்கலையாம்” என்ற பேச்சு அந்த வீட்டு வாசலுக்கே போய்ச் சேரும். உண்மைதான், இதைத் தட்டிக்கழிக்க நான் விரும்பவில்லை. ஆனால் பழி சொல்வதும் காரணம் சொல்வதும் வேறு வேறு. பழி ஆளைச் சுட்டும். காரணம் இடத்தையும் தண்ணீரையும் சுட்டும். கடைசிப் படிக்கு அப்பால் நான்கடியில் பள்ளம் என்பது யாருடைய அந்தரங்கமும் அல்ல. ஆறு எல்லோருக்கும் பொது. மது ஒரு காரணமென்றால், அதைப் பதினாறாம் நாள் கழிந்த பிறகு, ஓர் ஆண்டின் விபத்துகளோடு சேர்த்துச் சொல்லலாம். பதறிப்போய் அன்றைக்கே அனுப்புவதுதான் காயப்படுத்துகிறது. பெரும்பாலும் அது தப்பாகவும் இருக்கிறது. அசாமியப் பாடகர் ஜுபீன் கார்க் 2025 செப்டம்பர் 19 அன்று சிங்கப்பூரில் இறந்தபோது ஸ்கூபா விபத்து என்றே செய்தி பரவியது. பிறகு வந்த இறப்புச் சான்றிதழ், நீரில் மூழ்கியதே காரணம் என்றது. அவருடைய கடைசி நிமிட வீடியோவோ அதற்குள் நாடெங்கும் ஓடிவிட்டது.

சட்டம் தடுக்கவில்லையே என்பவர்களும் இருக்கிறார்கள். நக்கீரன் கோபால் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1994-ல் அந்தரங்க உரிமையை ஏற்றுக்கொண்டு, பொது ஆவணத்தில் உள்ளதை வெளியிடலாம் என்றும் சொன்னது. ஜெயலலிதா வாழ்க்கைப் படத்தை எதிர்த்து அவருடைய அண்ணன் மகள் ஜெ. தீபா தொடர்ந்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2021-ல், ஒருவரின் அந்தரங்க உரிமை அவரோடு முடிகிறது, வாரிசுகளுக்கு வராது என்றது. சரி, இறந்தவருக்கு உரிமை இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அந்தப் படம் இறந்தவருக்கா போகிறது? வெளியூரில் வேலை பார்க்கும் அண்ணனின் போனுக்கு, வீட்டிலிருந்து தகவல் சொல்வதற்கு முன்பே போகிறது. தம்பியின் சாவை அவன் அப்படித் தெரிந்துகொள்ள வேண்டுமா? சட்டம் விட்டுவைத்த இடத்தை நிரப்ப வேண்டியது மனிதர்களின் மரியாதை.

பெயரை மறைக்கச் சொன்னால் குற்றவாளிக்கு வசதியாகுமே என்ற கேள்விக்குப் பதில் வண்ணார்பேட்டைக்கு அடுத்த கொக்கிரகுளத்திலேயே இருக்கிறது. 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக ஆட்சியர் அலுவலகம் நோக்கி வந்த ஊர்வலத்தைப் போலீஸ் தடியால் அடித்து விரட்டியது. ஆற்றில் விழுந்தும் அடிபட்டும் 17 பேர் இறந்தார்கள். அரசு அமைத்த நீதிபதி மோகன் ஆணையம், அவர்களில் பெரும்பாலோர் நீரில் மூழ்கி இறந்ததாகச் சொன்னது. ஏன் மூழ்கினார்கள் என்பதல்லவா கேள்வி? ஆண்டுதோறும் அந்த நாளில் ஆற்றில் மலர் தூவ வருகிறவர்கள் தங்கள் உறவுகளை மறைக்கவில்லை, நினைவில் நிறுத்துகிறார்கள். ஆகவே பெயரைச் சொல்வதா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமை குடும்பத்துக்கு. அரசுக்கோ, நிறுவனத்துக்கோ, போன் வைத்திருக்கும் வழிப்போக்கருக்கோ அல்ல. மணல் அள்ளியவர், தண்ணீர் திறந்த துறை, பழுதான கம்ப்ரசரைக் கொடுத்த முதலாளி ஆகியோர் அந்தரங்கம் என்ற திரைக்குப் பின்னால் ஒளிய முடியாது.

மாநகராட்சியும் தீயணைப்பு மீட்புப் படையும் சேர்ந்து ஒவ்வொரு படித்துறையிலும் ஒரு பலகை வைக்கட்டும்: இந்தத் துறையில் இதுவரை எத்தனை பேர் மூழ்கினார்கள், பள்ளம் எந்தப் பக்கம், எத்தனை அடி, கயிறு எங்கே தொங்குகிறது. பெயர் எதுவும் வேண்டாம். முழுப்பரீட்சை விடுமுறை தொடங்குவதற்குள் இது முடிய வேண்டும். வாசகர்களிடம் கேட்பது இன்னும் எளிது. அடுத்த முறை கரையில் கிடக்கும் ஒரு பிள்ளையின் படம் உங்கள் போனுக்கு வந்தால் அதை அழித்துவிடுங்கள். எந்தத் துறை, எந்த இடத்தில் கால் சரிந்தது என்று விசாரித்து, அதை மட்டும் உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

(தொடரும்)