அட்டை அம்மாவின் கையில் இருக்கட்டும்

சென்ற வாரம் விட்ட இடம் நினைவிருக்கும்: பிள்ளையின் டாக்டர் மேல் நம்பிக்கை போய்விட்டது, மாற்றவும் மனம் வரவில்லை. மாற்றுவதா, பொறுத்துப்போவதா என்று எப்படி முடிவெடுப்பது? அதைத்தான் இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். எழுதுகிறேன். ஆனால் டேவிட் மோர்லியைச் சொல்லாமல் என்னால் அதற்குள் போக முடியாது. வாரம் முழுக்க அவரைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருந்தேன்.

மோர்லி பிரிட்டிஷ் குழந்தை மருத்துவர். 1950களின் இறுதியில் மேற்கு நைஜீரியாவில், இமெசி-இலே என்ற கிராமத்தில் வேலை பார்த்தார். தட்டம்மை, வயிற்றுப்போக்கு, ஊட்டக்குறைவு என்று ஐந்து வயதைத் தாண்டாமலே குழந்தைகள் இறந்துகொண்டிருந்த ஊர். நோய் முற்றிய பிறகு தூக்கி வருவதால் பயனில்லை, இளைக்கத் தொடங்கும்போதே தெரிய வேண்டும் என்று அவர் ஓர் அட்டையை வடிவமைத்தார். கீழே மாதங்கள், பக்கவாட்டில் கிலோ. குழந்தை பிறந்த மாதத்திலிருந்தே கட்டங்கள் தொடங்கும். மாதாமாதம் எடை போட்டு ஒரு புள்ளி, புள்ளிகளைச் சேர்த்து ஒரு கோடு. கோடு ஏறினால் நல்லது. படுத்துவிட்டால் கவனிக்க வேண்டும். இறங்கினால் ஆபத்து. எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கும் இது புரியும். இரட்டையரில் ஒன்றா, முன்பு பிறந்த பிள்ளைகள் இறந்திருக்கின்றனவா என்று, கூடுதல் கவனத்துக்கான காரணங்களைக் குறிக்கவும் அதில் தனியாக ஓர் இடம் வைத்திருந்தார்.

இதற்குப் பிறகு அவர் செய்ததுதான் என்னை அசத்தியது. அந்த அட்டையை ஆஸ்பத்திரி அலமாரியில் பூட்டாமல், ஒரு பாலிதீன் உறையில் போட்டுத் தாயின் கையிலேயே கொடுத்தார். கிராமத்துப் பெண்கள் தொலைத்துவிடுவார்கள் என்ற பயம் பொய்யானது. பத்திரமாக வைத்திருந்து, வரும்போதெல்லாம் கொண்டுவந்தார்கள். பிள்ளையின் வரலாறு டாக்டரிடம் இல்லை, தாயிடம் இருக்கிறது. அவள் எங்கே போனாலும் அதுவும் கூடவே போகும். நம் அங்கன்வாடிகளில் மாட்டியிருக்கும் எடை வரைபடமும், அரசு தரும் தாய் சேய் பாதுகாப்பு அட்டையின் வளர்ச்சிப் பக்கங்களும் அந்த வழியில் வந்தவைதான்.

இப்போது மதுரையில் எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்கு நடந்ததைச் சொல்கிறேன். மகளுக்கு ஏழு மாதம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், அப்புறம் கேழ்வரகுக் கூழும் பருப்புச் சாதமும். டாக்டர் எடை மெஷினைப் பார்த்தார். "ஆறு புள்ளி ஏழுதான் இருக்கு. ஏழு மாசத்துக்கு எட்டு கிலோ வேணாமா? பால் பத்தலை" என்று சீட்டில் ஒரு பால் பவுடர் டின்னை எழுதினார். "நல்லாத்தானே சார் குடிக்குறா?" என்று இவள் கேட்டதற்கு, "நான் டாக்டரா, நீ டாக்டரா?" என்று பதில் வந்தது.

வீட்டுக்கு வந்து அழுதாள். வேறு டாக்டரைப் பார்க்கலாம் என்றதும் மாமியார் சண்டைக்கு வந்துவிட்டார். "உன் புருஷனுக்கே அவருதான் ஊசி போட்டாரு. கைராசிக்காரரு. அவரையா மாத்தப்போற?"

அவளுடைய தடுப்பூசிப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். ஊசித் தேதிகள் எல்லாம் முத்திரையோடு இருந்தன. கடைசிப் பக்கத்து வளர்ச்சி வரைபடம் அச்சடித்தபடி வெறுமையாக இருந்தது. ஒரு புள்ளிகூட இல்லை. ஒவ்வொரு முறையும் ஓரத்தில் நர்ஸ் கிறுக்கியிருந்த எடைகளைத் தேடியெடுத்துப் பென்சிலால் நாங்களே புள்ளி வைத்தோம். பிறக்கும்போது 2.7 கிலோ. பதினான்காவது வார ஊசியின்போது 5.2. ஆறு மாதத்தில் 6.4. இப்போது 6.7. எல்லாப் புள்ளிகளும் நடுக்கோட்டுக்குக் கீழேதான். ஆனால் பிறந்த நாளிலிருந்தே அந்தக் குழந்தை அங்கேதான் இருக்கிறாள், நடுக்கோட்டுக்கு இணையாகவே ஏறிக்கொண்டும் இருக்கிறாள். ஏழு மாதப் பெண் குழந்தைக்கு நடுக்கோடே 7.6 கிலோதான். எட்டு கிலோ எங்கிருந்து வந்தது?

அவருக்கே வெளிச்சம். ஆனால் "பால் பத்தலை" என்ற தீர்ப்புக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1977இல் அமெரிக்கா வெளியிட்ட வரைபடத்தைத்தான் உலகம் வெகுகாலம் பயன்படுத்தியது. அதன் கைக்குழந்தைக் கணக்கு, ஒஹையோ மாநிலத்தின் யெல்லோ ஸ்பிரிங்ஸ் பகுதியில் பல பத்தாண்டுகளாக அளந்த பிள்ளைகளுடையது. பெரும்பாலும் புட்டிப்பால் குடித்தவர்கள். தாய்ப்பால் குடிக்கும் குழந்தை முதல் சில மாதங்கள் வேகமாக எடை போடும், பிறகு நிதானமாகும். அது இயல்பு. புட்டிப்பால் கோட்டின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்த நிதானம் குறையாகத் தெரியும். இப்படி எத்தனை தாய்மார்கள் "பால் பத்தலை" என்ற சொல்லைக் கேட்டார்களோ! நினைத்தாலே மனம் கொதிக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் சுமார் 8,500 பிள்ளைகளை அளந்து, தாய்ப்பால் குழந்தையையே அளவுகோலாக வைத்து, 2006இல் புது வரைபடம் கொடுத்தது. இந்தியப் பிள்ளைகள் தெற்கு டெல்லியைச் சேர்ந்தவர்கள். நல்ல உணவும் சுகாதாரமும் கிடைத்தால் ஆஸ்லோவிலும் டெல்லியிலும் சிறு குழந்தைகள் கிட்டத்தட்ட ஒரே மாதிரி வளர்கிறார்கள் என்று அந்த ஆய்வு காட்டியது. நிறத்தையும் நாட்டையும் சொல்லி நம் பிள்ளைகளின் இளைப்பை இயல்பென்று தள்ளிவிட முடியாது என்பதும் அதிலேயே அடங்கியிருக்கிறது.

அந்த டாக்டர் படித்த காலத்தில் பழைய கோடுதான் இருந்திருக்கும். அதனால் அவர் சொன்ன எட்டு கிலோவை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தவறு யாருக்கும் வரும். "அப்படியா, போட்டுப் பார்க்கலாம்" என்று திருத்திக்கொள்கிற டாக்டரை விடவே கூடாது. கேள்வி கேட்டவளை வாயடைக்க வைத்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நாளைக்குக் குழந்தை மூச்சிழுத்தாலோ, பால் குடிக்காமல் துவண்டாலோ, பயந்துபோய் சொல்லாமல் விட்டுவிடுவாளே அந்தத் தாய்! கைக்குழந்தையின் நோயில் பாதிச் செய்தி தாயின் வாயிலிருந்துதான் வர வேண்டும்.

அவளுக்கு நான் சொன்ன யோசனை இதுதான்: இன்னொரு முறை போ. புத்தகத்தை நீட்டு. "சார், இதுல ஒரு புள்ளி வெச்சுக் காட்டுங்க" என்று கேள். வைத்தால் அவரிடமே இரு.

போனாள். அவர் புத்தகத்தைத் திறக்கவில்லை. "டின் வாங்கினியா?" என்று கேட்டுவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார். டாக்டரை மாற்றினாள். புது டாக்டர் நீளத்தையும் தலைச் சுற்றளவையும் அளந்தார், எங்கள் பென்சில் புள்ளிகளைச் சரிபார்த்தார், சாதத்தில் ஒரு ஸ்பூன் நெய்யோ எண்ணெயோ சேர்க்கச் சொன்னார், அடுத்த மாதம் வரச் சொன்னார். டின் தேவைப்படவில்லை. மாமியாருக்கு இன்னும் வருத்தம்தான்.

தலைகீழாகவும் நடக்கிறது. சளிக் காய்ச்சலுக்கு ஆன்டிபயாட்டிக் எழுதவில்லை, ஊசி போடவில்லை, இருமல் சிரப் தரவில்லை என்பதற்காக நல்ல டாக்டரை விட்டு ஓடுகிறார்கள். வைரஸ் சளிக்கு ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாது. 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் இருமல் சிரப் குடித்துக் குழந்தைகள் இறந்தார்களே, அது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான மருந்து. டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு அதில் கலந்திருந்தது. அதன் பிறகு மத்திய அரசு, இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இருமல், சளி மருந்து எழுதவே கூடாது, ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கும் பொதுவாக வேண்டாம் என்று மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியது. வெறும் சளிக்கு மருந்தில்லாத சீட்டைக் கொடுத்து, எப்போது திரும்பி வர வேண்டும் என்று விளக்கிச் சொல்லி அனுப்பும் டாக்டர் கிடைத்தால் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மாற்றினால் தடுப்பூசியெல்லாம் முதலிலிருந்து போட வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டியதில்லை. தேதிகள் அட்டையில் இருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தால் அந்தக் குறிப்புகளையும் எழுதிக் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதிமுறை சொல்கிறது.

பழைய டாக்டரிடம் இந்தக் குறிப்புகளை எப்படிக் கேட்பது, புது டாக்டரிடம் முதல் நாளே என்னென்ன பேசிவிடுவது என்பதற்கு இந்த வாரம் இடமில்லை. அடுத்த வாரம் எழுதுகிறேன். அதற்குள் உங்கள் பிள்ளையின் புத்தகத்தை எடுத்து, கடைசிப் பக்க வரைபடத்தில் புள்ளிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லாவிட்டால் பென்சிலால் நீங்களே வைத்து, அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் காட்டுங்கள்.