கோணல் கிண்ணங்களின் மேசை

அமெரிக்கச் சிற்றூர் ஒன்றில் மரக்கடைசல் கிளப் கூடும் மாலையில் முதலில் நிறைவது மேசைதான், நாற்காலிகள் அப்புறம். உள்ளே நுழைகிறவர்கள் ஆளுக்கொன்றாகப் பையிலிருந்து எடுத்து அதன்மேல் வைக்கிறார்கள். பம்பரம், பேனா, மூடி போட்ட சிமிழ், முட்டையோடு போல மெலிந்த கிண்ணம். அவற்றுக்கு நடுவே அடியில் ஓட்டை விழுந்த கிண்ணம் ஒன்றும் எப்படியும் இருக்கும். ஆழம் போதவில்லை என்று இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கடைந்ததில் உளி மறுபக்கம் எட்டிப் பார்த்துவிட்டது. "புனல் நல்லா வந்திருக்கு" என்று பழைய உறுப்பினர் ஒருவர் கிண்டலடிப்பார். கொண்டுவந்தவரும் சேர்ந்து சிரிப்பார். கூட்டம் தொடங்கியதும் அதே ஓட்டைக் கிண்ணத்தை எல்லோர் முன்னாலும் தூக்கிப் பிடித்து, எந்தக் கட்டத்தில் நிறுத்தி ஆழத்தை அளந்திருக்க வேண்டும் என்று பேசுவார்கள்.

நன்றாக வந்ததைக் காட்ட உலகில் எத்தனையோ மேடைகள் உண்டு. கெட்டுப்போனதைக் கொண்டுவந்து காட்டவும் ஒரு மேசை போட்டு வைத்திருப்பதால்தான், வழக்கொழிந்துபோன ஒரு கைத்தொழிலை ஓய்வுபெற்ற கணக்கரும் பல் மருத்துவரும் பள்ளி ஆசிரியையும் மறுபடி கற்றுக்கொள்ள முடிகிறது.

தச்சு வேலையில் மரம் அசையாமல் கிடக்கும், கருவி ஓடும். கடைசலில் இது தலைகீழ். மரக்கட்டை சுழல, உளி ஓரிடத்தில் நின்று அதைச் சீவுகிறது. அதனால் கடைசலில் பிறப்பதெல்லாம் உருண்டை வடிவம்: தூண், கட்டில் கால், கிண்ணம், சொப்பு. தமிழில் இதற்கும் மோர் கடைவதற்கும் ஒரே வினைச்சொல். காரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். மத்தில் கயிற்றைச் சுற்றி இரு முனைகளையும் மாற்றி மாற்றி இழுத்தால் அது முன்னும் பின்னும் சுழலும். பழைய கடைசல் பொறியும் அப்படித்தான் சுழன்றது. எகிப்தில் கி.மு. 300 வாக்கைச் சேர்ந்த பெட்டோசிரிஸ் என்பவரின் கல்லறைச் சுவரில் இந்த வேலை செதுக்கப்பட்டிருக்கிறது: ஒருவர் கயிற்றை இழுக்கிறார், மற்றவர் உளி பிடிக்கிறார். கட்டை முன்னோக்கிச் சுழலும்போது மட்டும்தான் உளி வெட்டும். பின்னோக்கிச் சுழலும்போது கை விலகிக் காத்திருக்கும்.

இங்கிலாந்தில் இந்தத் தொழிலுக்கு வலுவான சங்கம் இருந்தது. லண்டன் கடைசல்காரர்களின் சங்கத்துக்கு 1604இல் அரச சாசனமே கிடைத்தது. அந்தக் காலத்தில் தொழில் பழகுவதென்றால் ஏழு ஆண்டு ஒரு குருவின் பட்டறையில் கிடக்க வேண்டும். ஹை விக்கம் ஊரைச் சுற்றியுள்ள சில்டர்ன் மலைக்காடுகளில், காலால் மிதித்து ஓட்டும் பொறியை மரத்தடியிலேயே நட்டு, நாற்காலிக் கால்களைக் கடைந்து குவித்தவர்கள் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரைக்கும் இருந்தார்கள். அதற்குள் தொழிற்சாலை எந்திரங்கள் நாற்காலிக் கால்களை ஆயிரக்கணக்கில் துப்பத் தொடங்கிவிட்டன. பட்டறைகள் மூடின. குரு இல்லாதபோது சீடன் எங்கிருந்து வருவான்?

அமெரிக்காவிலும் அதே கதை. அங்கே கடைசல் பெரும்பாலும் பள்ளிக்கூடத் தொழில் வகுப்பின் மூலையில் ஒதுங்கியிருந்தது. கிண்ணத்தைக் கலைப்பொருளாகப் பார்த்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவர்களில் ஒருவர் பாப் ஸ்டாக்ஸ்டேல். இரண்டாம் உலகப் போரில் ஆயுதம் ஏந்த மனச்சாட்சி இடம் தரவில்லை என்று மறுத்தவர்களை அமெரிக்க அரசு முகாம்களில் வைத்து வேலை வாங்கியது. அப்படியொரு முகாமில் இருந்தபோதுதான் அவர் கிண்ணம் கடையத் தொடங்கினார். பிறகு கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் குடியேறி, 2003இல் இறக்கும் வரை அதையே வாழ்க்கையாக வைத்துக்கொண்டார். கென்டக்கியில் ரூட் ஆசால்னிக், சிகாகோவில் ஜேம்ஸ் பிரெஸ்டினி என்று இன்னும் சிலர். ஒவ்வொருவரும் தனித்தனித் தீவு. ஒருவர் கண்டுபிடித்த உத்தியை அடுத்தவர் மறுபடி முதலிலிருந்து கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

1970களில் டேவிட் எல்ஸ்வொர்த் என்பவர் விரல் நுழையும் அளவே வாய் உள்ள குடங்களைக் கடையத் தொடங்கினார். உள்ளே என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்க்க வழியில்லை. வளைந்த கருவிகளைத் தானே அடித்துச் செய்துகொண்டு, கைக்குத் தெரியும் அதிர்வையும் காதில் விழும் ஒலியையும் வைத்துச் சுவரின் கனத்தை மதிப்பிட்டார். 1985இல் டென்னசி மாநிலத்தின் கேட்லின்பர்க்கில் உள்ள ஏரோமான்ட் கைவினைப் பள்ளியில் கடைசல்காரர்கள் பலர் கூடினார்கள். அங்கே முளைத்த எண்ணம் 1986இல் அமெரிக்க மரக்கடைசல்காரர் சங்கமாக உருவெடுத்தது. எல்ஸ்வொர்த்தே முதல் தலைவர். மறு ஆண்டு பிரிட்டனிலும் அதேபோன்ற சங்கம் வந்தது. இன்று செயின்ட் பால் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட அமெரிக்கச் சங்கத்துக்கு 350க்கும் மேற்பட்ட கிளைகள் உண்டு. மாதம் ஒருமுறை மேசை போடும் அந்த கிளப்புகள் இவைதான்.

புதிதாக வருகிறவர் கிண்ணம் செய்யும் ஆசையோடு வருவார். அவரை முதலில் சாணைக்கல் முன்னால் நிறுத்துவார்கள். மழுங்கிய உளி வெட்டாது, பிய்க்கும். சுழலும் மரம் கூர்மையைச் சீக்கிரம் தின்றுவிடும் என்பதால் ஒரு கிண்ணம் முடிவதற்குள் பலமுறை சாணை பிடிக்க வேண்டியிருக்கும். புத்தகம் படித்துத் தனியாகப் பழகியவர்கள் மாதக்கணக்கில் தவிப்பது இங்கேதான். தன் உளி மழுங்கியிருக்கிறது என்பதே அவர்களுக்குத் தெரியாது. கூரான உளி எப்படி வெட்டும் என்பதை ஒருமுறை கையால் உணர்ந்தால்தானே வித்தியாசம் புரியும்! பக்கத்தில் நிற்கும் பெரியவர் தன் உளியை நீட்டி, "இதால சீவிப் பாருங்க" என்பார். நீளமான சுருளாக மரச்சீவல் தோளுக்கு மேலே பறக்கும். அந்த ஒரு நிமிடத்தில் பாதிப் பாடம் முடிந்துவிடும்.

அடுத்தது பாதுகாப்பு. முகம் முழுவதையும் மறைக்கும் கவசம் இல்லாமல் பொறியை ஓட்ட விட மாட்டார்கள். தொளதொள சட்டைக்கை, கழுத்துச் சங்கிலி, அவிழ்ந்த கூந்தல் எதுவும் கூடாது. கையுறையும் கூடாது என்பது புதியவர்களை வியக்க வைக்கும். சுழலும் கட்டையில் துணியின் ஒரு நூல் சிக்கினாலும் கையையே இழுத்துக்கொள்ளும். மரத்தூள் நுரையீரலுக்கு ஆகாது. புற்றுநோய் உண்டாக்கும் பொருள்கள் என்று உறுதியானவற்றின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகமை அதையும் சேர்த்திருக்கிறது. ஆகவே உப்புத்தாள் தேய்க்கும்போது முகமூடி கட்டாயம்.

வேகத்துக்கு ஒரு வாய்ப்பாடு உண்டு. கட்டையின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற எண்ணால் பெருக்கினால் விடை 6,000க்கும் 9,000க்கும் இடையே இருக்க வேண்டும். 10 அங்குலக் கிண்ணம் என்றால் நிமிடத்துக்கு 600 முதல் 900 சுற்று. கேட்கக் குறைவாகத் தோன்றும். ஆனால் 900 சுற்றில் அந்தக் கிண்ணத்தின் விளிம்பு மணிக்குச் சுமார் 43 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. கட்டை உடைந்து தெறித்தால் விளிம்புத் துண்டு அதே வேகத்தில்தான் பறக்கும். பொறியை முடுக்கும்போது கட்டைக்கு நேர் எதிரே நிற்காமல் ஒதுங்கி நிற்கச் சொல்வது இதனால்தான்.

பிறகு உளி பிடிக்கும் பாடம். அதை மூன்று சொல்லில் சொல்லித் தருகிறார்கள். முதலில் உளியைத் தாங்கியின்மேல் ஊன்று. பிறகு கூர்முனைக்குப் பின்னால் உள்ள சாய்முகத்தை மரத்தின்மேல் உரசவிடு. கடைசியாக, பின்கையை மெல்லத் தூக்கி வெட்டவிடு. இந்த வரிசை தவறி முனை முதலில் மரத்தைத் தொட்டால் உளி 'கடித்து'விடும். துப்பாக்கி வெடித்தாற்போல ஒரு சத்தம், உள்ளங்கையில் உதறல், கிண்ணத்தில் ஆழமான வடு. கடிபடாமல் கடைசல் கற்றவர் யாரும் இல்லை. வீட்டில் தனியாகக் கடிபட்டவர் பயந்து பொறியை மூடி வைத்துவிடக்கூடும். கிளப்பில், தோளருகே நிற்பவர் ஏன் கடித்தது என்று அப்போதே சொல்லி, அதே இடத்தில் மறுபடி உளியை வைக்கச் சொல்வார்.

மரத்தின் இழையைப் படிப்பதும் இப்படித்தான் வருகிறது. தூண்போலக் கடையும்போது இழை சுழல் அச்சோடு நீளவாக்கில் ஓடும். பெருத்த இடத்திலிருந்து சிறுத்த இடத்தை நோக்கி உளியை ஓட்டினால் வழவழப்பு கிடைக்கும். கிண்ணத்தில் இழை குறுக்கே கிடக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் உளி இரண்டு முறை இழையின் போக்கையும் இரண்டு முறை அதன் வெட்டுமுனையையும் சந்திக்கிறது. அதனால் வெளிப்புறத்தை அடியிலிருந்து விளிம்புக்கும், உட்புறத்தை விளிம்பிலிருந்து அடிக்கும் கடைய வேண்டும். திசை மாறினால் இழை பிய்ந்து சொரசொரப்பாகும். உப்புத்தாளை எவ்வளவு தேய்த்தாலும் போகாது.

கட்டைக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை என்பது இந்தப் பொழுதுபோக்கின் சுகம். புயலில் சாய்ந்த மேப்பிள், பக்கத்து வீட்டில் வெட்டிய செர்ரி, எல்லாம் கிளப்புக்கு வந்து சேரும். ஆனால் பச்சை மரம் காயும்போது எல்லாப் பக்கமும் ஒரேபோலச் சுருங்காது. நீளவாக்கில் கிட்டத்தட்டச் சுருங்கவே சுருங்காது. குறுக்கே நன்றாகச் சுருங்கும். வட்டமாகக் கடைந்த கிண்ணம் சில மாதத்தில் நீள்வட்டமாகி நிற்கும். இதற்காக முதலில் பருமனாகக் கடைந்து வைப்பார்கள்: 10 அங்குல விட்டத்துக்கு 1 அங்குலச் சுவர் என்பது கணக்கு. தேதி எழுதி அலமாரியில் பல மாதம் காயவிட்டு, கோணிய பிறகு மறுபடி பொறியில் ஏற்றி வட்டமாக்குவார்கள். அவசரக்காரர்களுக்கு வெடிப்புதான் மிஞ்சும். அந்த வெடித்த கிண்ணமும் மேசைக்கு வரும்.

செலவு வேறு வழியில் வரும். 'சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்' என்பது இவர்களுக்கே சொன்னதுபோல. சிறிய பொறி ஒன்றை வாங்கி முடித்தபின் உளிகள், சாணை, கட்டையைக் கவ்வும் நான்கு தாடைப் பிடிப்பான், கவசம் என்று பட்டியல் நீளும். அதனால்தான் பல கிளப்புகள் சொந்தப் பொறிகள் வைத்துப் பயிற்சி நாள் நடத்துகின்றன. கையில் பிடித்துப் பார்த்த பிறகு வாங்கினால் போதும்.

உறுப்பினர்களில் ஓய்வுபெற்ற ஆண்களே அதிகம். பெண்களை அழைத்துவரவென்றே அமெரிக்கச் சங்கத்தில் தனிப்பிரிவு இயங்குகிறது. 2020இல் பெருந்தொற்று கதவை அடைத்தபோது செய்துகாட்டல்கள் ஜூமுக்கு மாறின. கேமராவை உளிக்கு மிக அருகே கொண்டுபோக முடிந்ததில் ஒரு லாபம் இருந்தது. ஆனால் திரை வழியாக ஒருவரின் முழங்கையைத் தொட்டுத் தாழ்த்த முடியாது. கதவு திறந்ததும் மேசைகள் திரும்பின.

நம் பக்கத்தில் கடைசல் செத்துப்போகவில்லை. அம்பாசமுத்திரத்தில் மரச் சொப்பு கடைகிறார்கள். கும்பகோணம் அருகே நரசிங்கம்பேட்டையில், பழைய வீடுகளில் இருந்து கிடைக்கும் வைரம் பாய்ந்த ஆச்சா மரம் நாகசுரமாகிறது. கர்நாடகத்தின் சன்னபட்டணத்தில், சுழலும் பொம்மைமேல் அரக்குக் குச்சியை அழுத்த, உரசும் சூட்டில் அரக்கு உருகி நிறமாகப் படிகிறது. தாழை மடலால் தேய்த்து அதைப் பளபளக்க வைக்கிறார்கள். ஆனால் இவையெல்லாம் வயிற்றுப்பாட்டுத் தொழில்கள். வித்தை குடும்பத்துக்குள், பட்டறைக்குள் இறங்குகிறது. வெளியே இருந்து ஒருவர் வந்து, "எனக்கும் ஆசை, சொல்லிக் கொடுங்கள்" என்று கேட்க வழி குறைவு. மேலை நாட்டு கிளப்பில் பெரும்பாலோருக்குக் கிண்ணம் விற்றுச் சாப்பிட வேண்டிய கட்டாயம் இல்லை. தொழில் ரகசியம் என்று ஒன்றைப் பூட்டிவைக்க அவர்களுக்குக் காரணமும் இல்லை. தொழிலாகவே செய்கிறவர்களுக்கும் ஊர் ஊராகப் போய் கிளப்புகளில் செய்துகாட்டுவது ஒரு வருமானம்.

செய்து குவித்ததெல்லாம் எங்கே போகிறது? வீட்டு அலமாரி நிறைந்த பிறகு பாதை வேறு பக்கம் திரும்பும். 'பீட்ஸ் ஆஃப் கரேஜ்' என்ற அமெரிக்க அறக்கட்டளை, கடும் நோயோடு போராடும் குழந்தைகளுக்கு ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு பாசிமணி கொடுக்கிறது. அந்த மணிகளைச் சேர்த்துவைக்க மூடி போட்ட சிமிழ்களைக் கடைந்து தருவது கிளப்புக்காரர்கள். குழந்தையின் கை தாராளமாக நுழைய வேண்டும், மூடி சிரமமில்லாமல் திறக்க வேண்டும். கடைசலில் மூடி பொருத்துவது நுணுக்கமான வேலை. மரம் கொஞ்சம் ஈரம் குடித்தாலும் இறுகிவிடும். தர்மத்துக்குச் செய்யும் சிமிழில்தான் பலர் மூடி பொருத்தப் பழகுகிறார்கள்.

கூட்டம் கலையும் முன் பல கிளப்புகளில் குலுக்கல் நடக்கும். தேர்ந்த கை ஒன்று கடைந்த அழகான கிண்ணம் பரிசு. நிபந்தனை ஒன்றுதான்: வென்றவர் அடுத்த மாதம் தன் கையால் கடைந்த ஒன்றைக் குலுக்கலுக்குக் கொண்டுவர வேண்டும். ஓட்டைக் கிண்ணத்தோடு வந்த புதியவருக்கே சீட்டு விழுந்துவிட்டால் அறை முழுக்கக் கைதட்டல். பரிசைப் பையில் வைக்கும் முன் அவர் அதைக் கவிழ்த்து, அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவி, எவ்வளவு கனம் விட்டிருக்கிறார்கள் என்று பார்க்கிறார்.