வெந்நீரும் விழிப்பும்

மார்கழிப் பனியில் அதிகாலைத் திருப்பலிக்குப் புறப்படும் நமக்கு ஒரு வாளி வெந்நீர் எத்தனை இதமானது! நம் பாட்டிமார் புகையில் கண் கலங்க, விறகடுப்பில் தவலையை ஏற்றி வெந்நீர் காய்ச்சினர். நமக்கோ சுவிட்சைத் தட்டினால் போதும். வேலை எளிதாயிற்று, ஆனால் ஆபத்து மறைந்து நிற்கலாயிற்று. அடுப்பு நெருப்பைக் குழந்தையும் கண்டு விலகும். மின்சாரத்தையும் நச்சு வாயுவையும் யார் கண்டார்? ஆகவே, சில ஒழுங்குகளை நாம் பழக்கமாக்கிக் கொள்வது அவசியம்.

முதலாவது, வாளியில் தொங்கவிடும் ஹீட்டர் ராடு. அதன் உறையில் சிறு பழுது ஏற்பட்டாலும் வாளி நீர் முழுவதிலும் மின்சாரம் பாயக்கூடும். இரும்பு வாளி வேண்டாம். குறியிட்ட அளவுக்கு ராடு நீரில் மூழ்கிய பின்னரே சுவிட்சைப் போட வேண்டும். சூடு பார்க்க விரல் விடுமுன் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட வேண்டும். ஈரக் கையால் சுவிட்சைத் தொடலாகாது.

இரண்டாவது, சுவரில் பொருத்தும் கீசர். இது பெரும்பாலும் 2000 வாட் மின்சாரத்தை இழுப்பதால், எர்த் இணைப்புள்ள 16 ஆம்பியர் பிளக் தேவை. மின்கசிவு 30 மில்லி ஆம்பியரை எட்டுமுன் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச் வீட்டில் இருப்பது நலம். நீர் அளவுக்கு மிஞ்சிச் சூடேறினால் அழுத்தத்தை வெளியேற்றுவது கீசரிலுள்ள பாதுகாப்பு வால்வு. அதில் நீர் சொட்டுகிறதே என்று அடைத்துவிட்டால் தொட்டியே வெடிக்க நேரிடும். உப்பு நீர் உள்ள ஊர்களில் உள்ளே படியும் சுண்ணாம்பை ஆண்டுக்கொரு முறை பணியாளரைக் கொண்டு நீக்க வேண்டும்.

மூன்றாவது, எரிவாயு கீசர். காற்றோட்டமற்ற குளியலறையில் எரிவாயு சரிவர எரியாமல் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் மேலான வலிமையுடன் அது இரத்தத்தைப் பற்றிக்கொள்ளும். தலைவலி, தலைசுற்றல், மயக்கம், பின்னர் மரணம்! எனவே இக்கருவி குளியலறைக்கு வெளியே, திறந்த காற்றில் இருப்பதே முறை. குளிக்கையில் தலை சுற்றினால் உடனே வெளியே வந்துவிட வேண்டும்.

இறுதியாக, நீரின் சூடு. 60 டிகிரி செல்சியஸ் நீர் சில விநாடிகளிலேயே தோலைப் புண்ணாக்கிவிடும். வாளியில் முதலில் தண்ணீரும் பிறகு வெந்நீரும் விட்டு, முழங்கையால் சூடு பார்த்த பின்னரே தம்பி தங்கையரைக் குளிப்பாட்ட வேண்டும். சுட்டுவிட்டால் மையோ பற்பசையோ தடவாமல், குழாய் நீரில் 20 நிமிடம் காட்டி, மருத்துவரிடம் செல்ல வேண்டும். மின்சாரம் தாக்கியவரை மெயின் சுவிட்சை அணைக்காமல் தொடலாகாது.

தோழியரே! இவற்றைப் படித்ததோடு நில்லாமல், இன்றே நம் வீட்டுக் குளியலறையை ஒருமுறை பார்ப்போம். கண்ட குறையைப் பெற்றோரிடம் சொல்வோம். உயிர் இறைவன் தந்த கொடை. அதைக் காப்பதும் ஒரு வழிபாடே.