குளிர்காலமும் கார் எஞ்சினும்

மார்கழி, தை மாதங்களின் விடியற்காலையில் பேர்ண் நகரின் பும்பிளிஸ், பெத்லகேம் குடியிருப்புகளின் வழியே செல்பவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பர். கண்ணாடிகளில் பனி உறைந்த கார் ஒன்று, ஆளின்றி உறுமிக்கொண்டு நிற்கும். அதன் சொந்தக்காரர் மேல்மாடியில் தேநீர் அருந்திக்கொண்டிருப்பார். எஞ்சின் நன்றாகச் சூடேறிய பின்னரே காரை எடுக்கவேண்டும் என்பது அவரது நம்பிக்கை.

இந்நம்பிக்கை எம்மவரிடையே வேரூன்றியமைக்குக் காரணம் உண்டு. யாழ்ப்பாணத்து வீதிகளில் ஓடிய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிறிஜ் ஆகிய வாடகைக் கார்கள் காபரேற்றர் பூட்டியவை. எஞ்சின் குளிர்ந்திருக்கையில் அதனுள் பெற்றோல் செவ்வனே ஆவியாகாது. ஆகவே சாரதி 'சோக்'கை இழுத்து, எஞ்சின் சீராக ஓடும்வரை காத்திருந்தார். 1990இன் பின்னர், பொருளாதாரத் தடையினால் பெற்றோல் கிடைக்காத காலத்தில், எமது மக்கள் மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டினர். சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை இயக்கி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். மண்ணெண்ணெய் ஆவியாவதற்கு அச்சூடு இன்றியமையாதது. அன்று காத்திருந்தமை அறிவுடைமையே.

இன்று நாம் ஓட்டும் கார்களின் அமைப்பு வேறு. இவற்றில் காபரேற்றர் இல்லை. எஞ்சினின் வெப்பநிலையைக் கருவியொன்று அளந்தறிய, அதற்கேற்ற அளவு எரிபொருள் தானாகவே பீச்சப்படுகிறது. குளிரிலும் சில விநாடிகளில் கார் புறப்படத் தயாராகிவிடும். நின்ற இடத்தில் ஓடவிடுவதால் நன்மை இல்லை, தீமைதான் உண்டு. சுமையின்றி ஓடும் எஞ்சின் மிக மெதுவாகவே சூடேறும். அதுவரை மிகையாகப் பீச்சப்படும் எரிபொருளில் ஒரு பகுதி எரியாமல் சிலிண்டர்ச் சுவரிலுள்ள ஒயிலைக் கழுவி, கீழிறங்கி எஞ்சின் ஒயிலுடன் கலக்கும். ஒயிலின் தரம் குன்ற, உறுப்புகள் தேய்வடையும். புகையைச் சுத்திகரிக்கும் கற்றலைசேற்றரும் (சுவிற்சர்லாந்தில் 1987 முதல் புதிய கார்களுக்குக் கட்டாயமாக்கப்பட்டது) ஏறத்தாழ 300 பாகை வெப்பம் அடையும்வரை ஒழுங்காக வேலை செய்யாது.

அவ்வாறாயின் செய்யவேண்டியது யாது? முதலில் எல்லாக் கண்ணாடிகளிலும் உள்ள பனியைச் சுரண்டி அகற்றுங்கள். பின்னர் எஞ்சினை இயக்கி, பட்டியை அணிந்து, உடனே புறப்படுங்கள். ஆனால் மென்மையாக ஓட்டுங்கள். முதல் சில கிலோமீற்றர்களுக்கு அக்சிலேற்றரை ஆழ மிதித்தலாகாது. பும்பிளிசில் இருந்து புறப்படுவோர் சில நிமிடங்களிலேயே நெடுஞ்சாலையில் ஏறிவிடுவதால், இவ்விடயத்தில் மிகுந்த கவனம் தேவை. வெப்பமானியின் முள் நடுவில் வந்துவிட்டது என்பதற்காக அவசரப்படவேண்டாம். அது காட்டுவது நீரின் வெப்பத்தையே. ஒயில் சூடேறுவதற்கு மேலும் சில நிமிடங்கள் செல்லும்.

அடுத்தது சுழற்சி வேகம். எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை தடவை சுழல்கிறது என்பதனை இங்கு 'தூறன்' என்பர். பெற்றோல் காரில் 2500 சுழற்சியை எட்டுமுன் அடுத்த கியருக்கு மாற்றுவதே இங்கு கற்பிக்கப்படும் சிக்கன முறை. டீசல் காரில் அதனினும் முன்னதாகவே மாற்றலாம். 2005 டிசம்பர் முதல் புதிய சாரதிகளுக்குக் கட்டாயமாக்கப்பட்ட மேற்பயிற்சியில் சிக்கன ஓட்டமும் இடம்பெற்றது. பிள்ளைகள் அதனைக் கற்றுவந்து கூறும்போது, தந்தையர் செவிமடுத்தல் நன்று. எனினும் சிக்கனம் கருதி, மேட்டில் ஐந்தாம் கியரிலேயே எஞ்சினை வருத்துவதும் தவறு. கார் அதிர்ந்தாலோ, எஞ்சினில் தட்டும் ஓசை கேட்டாலோ உடனே கியரைக் குறைத்துவிடவேண்டும். சூடேறிய எஞ்சின் நெடுஞ்சாலையில் 3000 சுழற்சியில் நெடுநேரம் ஓடினாலும் அதற்குத் தீங்கில்லை.

தீங்கு பணப்பைக்குத்தான். 100 கிலோமீற்றர் வேகத்தில் உள்ள காற்றுத்தடை 120இல் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகின்றது. பேர்ணிலிருந்து சூரிச் ஏறத்தாழ 125 கிலோமீற்றர். வழி நெடுகிலும் 120இல் ஓடுபவர் 100இல் ஓடுபவரைவிட முன்னதாகச் சென்றடைவது வெறும் 12 நிமிடங்களே.

சட்டத்தையும் மறந்துவிடலாகாது. நிறுத்திய வாகனத்தின் எஞ்சினைத் தேவையின்றிச் சூடாக்குவதையும் ஓடவிடுவதையும் 1962ஆம் ஆண்டின் சுவிற்சர்லாந்துப் போக்குவரத்து விதிகளே தடைசெய்துள்ளன. இது தண்டப்பணத்துக்குரிய குற்றம். கண்ணாடியில் சிறு துவாரமளவு பனியை மட்டும் அகற்றிவிட்டு ஓட்டுவது அதனினும் பாரதூரமான குற்றமாகும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, மூடிய கார்க் கொட்டகைக்குள் ஒருபோதும் எஞ்சினை ஓடவிடாதீர்கள். புகையிலுள்ள கார்பன் மொனொக்சைட் வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. சில நிமிடங்களில் அது உயிரைக் குடித்துவிடும். வெளியே நிற்கும் கார் ஆயினும், குழந்தைகளை உள்ளே இருத்தி எஞ்சினை இயக்குமுன், புகைக்குழாயின் வாயைப் பனி அடைத்திருக்கின்றதா என்று குனிந்து பாருங்கள்.